ஊரையே வழியனுப்பியவரின் மனைவி

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் யாருக்காவது வெளிநாட்டு ஆசை வந்துவிட்டால் நேராக இரண்டாம் மாடிக்குத்தான் ஏறுவார்கள். கதவைத் திறப்பது பல்லக்கா. ஒரு பல் லேபில் வேலை பார்த்தாள். டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அச்சை வைத்து பல் செட், பல்லின் மேல் மாட்டும் கேப் எல்லாம் செய்துகொடுப்பாள். அதனால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. ஆனால் வந்தவர்களுக்கு வேண்டியது அவளல்ல. அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "சார் இருக்காருங்களா?" என்பார்கள்.

சார் இருப்பார். ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் அவர் கிளெய்ம் பிரிவுக்குத் தலைவர். கார் நசுங்கிவிட்டது, கடை எரிந்துவிட்டது என்று அழுதுகொண்டு வருகிறவர்களின் விண்ணப்பத்தில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, பணிவாகக் கைவிரிப்பதுதான் உத்தியோகம். அதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆபீசில் அவர் நுழைந்தால் நாலு நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்கும்.

வந்தவரை உட்காரவைத்து, வயசு என்ன, படிப்பு என்ன, மூச்சிரைப்பு உண்டா என்று டாக்டரைப் போலக் கேட்பார். எந்த நாட்டில் எலக்ட்ரீஷியனுக்குத் தட்டுப்பாடு, எந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஓடாது, எங்கே வீட்டுக்காரன் அட்வான்ஸைத் திருப்பித் தராமல் இழுத்தடிப்பான், எல்லாம் விரல்நுனியில். கேட்டால் அங்கேயே பிறந்து வளர்ந்தவர் என்று நினைப்பீர்கள். அவருடைய பாஸ்போர்ட்டோ, புதுப்பித்துப் புதுப்பித்தும் ஒரு ஏர்போர்ட் முத்திரைகூடப் படாமல் அலமாரியில் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

அவர் பேச்சைக் கேட்டுக் கிளம்பிப் போனவர்கள் பலர். கீழ்வீட்டு சலூன்காரர் போனார். லிஃப்ட் மெக்கானிக் போனார். பல்லக்காவின் சொந்தத் தம்பியே போய், அங்கேயே கல்யாணமும் பண்ணிக்கொண்டான். எல்லாரும் ஏர்போர்ட்டில் நின்று போட்டோ அனுப்புவார்கள். அதை அவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டுவார்.

"நீங்க எப்ப சார் கிளம்பறீங்க?"

"பாத்துக்கிட்டிருக்கேன்."

பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கல்யாணமான புதிதில் ஆரம்பித்த பார்வை. ஒரு நாடு குளிர், அவருக்கு சைனஸ். இன்னொன்று வெயில், அதுவும் சைனசுக்கு ஆகாது. ஒன்றில் வண்டியை எதிர்ப்பக்கம் ஓட்டுகிறார்கள், இந்த வயசில் அதையெல்லாம் யார் பழகுவது. ஒருமுறை எல்லாம் கூடிவந்து, விசாவே கையில் வந்துவிட்டது. அப்போது பார்த்து அந்த நாட்டில் தேர்தல் வந்தது. ஆட்சி மாறட்டும், நிலவரம் தெரியட்டும் என்றார். ஆட்சி மாறவில்லை. விசாவின் தேதிதான் போய்விட்டது.

இதில் மாட்டிக்கொண்டது வீடு. குளியலறைக் குழாய் ஒழுகும். சோஃபாவின் ஒரு கால் உடைந்து செங்கல் மேல் நிற்கும். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கலாமா என்று பல்லக்கா கேட்டால், "விட்டுட்டுப் போற வீட்டுக்கு எதுக்கு?" என்று முடித்துவிடுவார். மகள் ஸ்கூலிலிருந்து ஒரு தோழியைக் கூட்டிவந்தபோது அந்தப் பெண் செங்கல்லையே பார்த்தாள். "எங்க வீடு தற்காலிகம்" என்றாள் மகள், சர்வ சாதாரணமாக. அவள் பிறந்ததே அந்த வீட்டில்தான்.

பல்லக்கா இதையெல்லாம் யோசிப்பதை எப்போதோ விட்டிருந்தாள். இந்த மனுஷன் போகவும் மாட்டார், இருக்கவும் மாட்டார் என்பது அவளுக்குப் புரிந்துபோயிருந்தது.

அப்படியிருக்கையில் ஒரு சாயங்காலம் அவளுக்கு ஒரு போன் வந்தது. சாரின் யோசனையில் முன்பு ஒரு குளிர் நாட்டுக்குப் போன பல் டாக்டரம்மா பேசினாள். அங்கே சொந்தமாக கிளினிக் போட்டிருக்கிறாள். அவளுக்குப் பல் செய்துகொடுக்கும் லேபில் பீங்கான் வேலைக்குக் கை தேர்ந்த ஆள் இல்லையாம். "நீங்க செஞ்ச கேப்பை வாயில வச்சா எது சொந்தப் பல்லுன்னு எனக்கே தெரியாதுக்கா. வரீங்களா? பேப்பரெல்லாம் அவங்களே பாத்துக்குவாங்க."

வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். போனை வைத்த பிறகுதான், குளிரைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை என்று உறைத்தது.

மறுநாள் லேபில் ஒரு முன்பல்லுக்கு வேலை. பிரஷ்ஷில் பீங்கான் மாவைத் தொட்டுத் தொட்டு ஏற்றிக்கொண்டே யோசித்தாள். இங்கே எதை விட்டுவிட்டுப் போகிறோம்? முதலில் அக்கா. பக்கத்துத் தெருவில் இருக்கிறாள், தினமும் பேசாவிட்டால் இருவருக்கும் தொண்டையில் சோறு இறங்காது. அப்புறம் இந்த லேப். "இது உங்க லேப் மாதிரிம்மா" என்று முதலாளி சொல்லாத வருஷமில்லை. ஆனால் ஃபேனுக்கு நேரே நாற்காலியைப் போட்டுக்கொள்ள இன்றுவரை விட்டதில்லை. பயமாக இருந்தது பாஷைதான். இந்த வயசில் நாலு பேர் நடுவே பேந்தப் பேந்த முழித்துக்கொண்டு நிற்க வேண்டுமே. பிரஷ்ஷை வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தாள். பிறகு வந்து உட்கார்ந்து பல்லை முடித்தாள். அதைச் சுடுவதற்கு ஃபர்னசுக்குள் வைத்துக் கதவை மூடும்போது, போவது என்று முடிவாகியிருந்தது. எப்படி முடிவானது என்று அவளுக்கே தெரியாது.

அன்று சாப்பிட உட்கார்ந்ததும் சொன்னாள். "அந்த டாக்டரம்மா ஊருல, பல் லேபுக்கு ஒரு ஆள் கேக்கறாங்க."

அவர் முகம் மலர்ந்தது. தட்டைக்கூடத் தள்ளிவைத்துவிட்டார். "தாராளமாப் போகலாம். அருமையான ஊரு. யாரு, உங்க லேப்ல யாருக்காவதா?"

"எனக்குங்க."

தட்டு மெதுவாகத் திரும்ப வந்தது. அதுவரை ஆலோசகராக இருந்தவர் கிளெய்ம் பிரிவுக்கு மாறிக்கொண்டார்.

"அங்க குளிரு எப்படின்னு தெரியுமா உனக்கு?"

"உடுப்பு சரியா இருந்தா குளிர் ஒண்ணும் பண்ணாதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க."

"அது அவங்களுக்குச் சொன்னது."

"எனக்கு மட்டும் வேற தோலா?"

"பாஷை?"

"ஆறு மாசத்துல வந்துடும்னு சலூன்காரருக்குச் சொன்னீங்க. நான் உள்ள காபி போட்டுக்கிட்டிருந்தேன், காதுல விழுந்துச்சு."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். கேட்ட ஒவ்வொன்றுக்கும் அவர் வாயிலிருந்து வந்த பதிலையே எடுத்து வைத்தாள். தன் சாட்சியத்திலேயே ஓட்டை கண்டுபிடிக்க வேண்டிய நிலைமை அவருக்கு இதுவரை வந்ததில்லை.

"தனியா இருந்துடுவியா?"

"எதுக்குத் தனியா? நான் முன்னாடி போறேன். நீங்களும் பொண்ணும் பின்னாடி வாங்க. பொண்டாட்டிக்கு வேலை இருந்தா புருஷனையும் சேத்துக்குவாங்களாமே."

"அங்க வந்து நான் யாரு?"

"என் புருஷன்."

"அது ஒரு வேலையா?"

"இத்தனை வருஷம் நான் உங்க பொண்டாட்டியா இருந்தது வேலை இல்லாம என்னவாம்?"

மகள் தண்ணீர் குடிக்கிற சாக்கில் டம்ளருக்குள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. தட்டைப் பார்த்தபடி, தனக்குத்தானே பேசிக்கொள்வது போலச் சொன்னார். "இங்க நான் உள்ள வந்தா நாலு பேரு எழுந்திருக்கறான். அங்க போனா நான்தான் எழுந்திருக்கணும்."

இத்தனை நாடுகளில் அவர் கண்டுபிடித்த இத்தனை குறைகளுக்கும் காரணம் இந்த ஒரு வரிதான். சைனசும் இல்லை, தேர்தலும் இல்லை. பல்லக்காவுக்கு அவர்மேல் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அவள் செங்கல் மேலேயே கிழவியாகிவிடுவாள்.

அவள் கிளம்பியபோது குடியிருப்பே திரண்டு வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கியது. "கடைசியில அக்காவையே அனுப்பிட்டீங்களே சார்." அடக்கத்தோடு தலையை ஆட்டி அந்தப் பெருமையையும் அவரே வாங்கிக்கொண்டார். பெட்டியைத் தூக்கியது பல்லக்கா.

அங்கே முதல் சில மாதங்கள் அவள் எதிர்பார்த்ததைவிட மோசமாகவே போயின. பல்லைக் கடைவது மெஷின்; நிறம் ஏற்றுவதுதான் இவள் வேலை. லேபின் தலைவி பனைமரம் போல உயரமான ஒரு பெண், மூச்சு விடாமல் பேசுவாள். பல்லக்கா எல்லாவற்றுக்கும் சிரித்துத் தலையாட்டினாள். அந்தச் சிரிப்பு ஒரு பெட்டி நிறையப் பல்லைத் தப்பான நிறத்தில் செய்யவைத்தது. அத்தனையையும் திரும்பச் செய்தாள். அன்றோடு சிரிப்பதை நிறுத்தினாள். "புரியலை" என்பதுதான் அந்த பாஷையில் அவள் பிழையில்லாமல் கற்றுக்கொண்ட முதல் சொல். அதைச் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் எல்லாம் புரிய ஆரம்பித்தது.

ஒருநாள் அறையில் வெங்காயம் வதக்கினாள். கூரையிலிருந்த புகைமணி அலறி, கட்டடமே போர்வையைச் சுற்றிக்கொண்டு தெருவுக்கு இறங்கியது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு நின்ற ஒருவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். அப்புறம் கொஞ்ச காலம் ரொட்டிதான். அதே சமயத்தில் ஊரில் அக்காவுக்கு வயிற்றில் ஆபரேஷன். பக்கத்துத் தெருவாக இருந்தபோது அவளுடைய தலைவலிக்கே ஓடிய பல்லக்கா, இப்போது லேபின் கழிவறையில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அக்கா கண் விழித்துவிட்டாள் என்ற செய்தி வந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு போய் நிறம் ஏற்றினாள். அன்று செய்த பல் யாருடைய வாயில் இருக்கிறதோ, அவருக்கு இதெல்லாம் தெரியப்போவதில்லை.

இது போதாதென்று, ஊரிலிருந்து ஆட்கள் வந்து இறங்க ஆரம்பித்தார்கள். "அக்கா, சார் அனுப்பினாரு. நீங்க பாத்துக்குவீங்கன்னாரு." முதலில் ஒரு ஜோடி. அடுத்து ஒரு வெல்டர். அவர்களையாவது பொறுத்துக்கொள்ளலாம். மூன்றாவதாக வந்தவர் இரண்டு ராட்சசப் பெட்டிகளை அவளுடைய ஒற்றை அறையில் நிறுத்திவிட்டு, வெந்நீர் ஏன் இவ்வளவு மெதுவாக வருகிறது என்று கேட்டார். பல்லக்கா வராந்தாவுக்குப் போய்ப் புருஷனைப் போனில் கூப்பிட்டாள்.

"நீங்க அனுப்பற அடுத்த ஆள் நீங்களா இருக்கணும். இல்லைன்னா இனிமே இங்க யாரையும் அனுப்பாதீங்க."

"பாக்கறேன்" என்றார்.

மகள் போனைப் பிடுங்கினாள். "அம்மா, பரீட்சை முடிஞ்சதும் நான் வந்துடறேன். அப்பா பாத்துக்கிட்டு இருக்கட்டும்."

அதுதான் அவரைக் கிளப்பியது. பெண்ணைத் தனியாக அனுப்ப மனசு வரவில்லை. அதைவிட, அவள் போன பிறகு அந்த வீட்டில் வருகிறவர்களுக்கு ஆலோசனை சொல்லிவிட்டுக் கதவைத் தானே சாத்திக்கொள்ள வேண்டுமே. மகளோடு வந்து சேர்ந்தார். ஏர்போர்ட்டில் போட்டோ எடுத்துக்கொள்ளவில்லை.

இன்சூரன்ஸ் கம்பெனிகளில் அவருடைய அனுபவத்தை மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, அங்கத்திய படிப்பை முதலிலிருந்து படிக்கச் சொன்னார்கள். எவ்வளவு பணிவாகக் கைவிரிக்கிறார்கள் என்று ஒரு தொழில்காரனின் வியப்போடு சொன்னார். கொஞ்ச நாள் ஜன்னலருகே உட்கார்ந்து பஸ் தாமதமாக வருவதைக் கண்காணித்தார். அப்புறம் ஒரு பார்சல் கிடங்கில், பார்சல்களை ஊர் வாரியாகப் பிரித்துப் போடும் வேலை கிடைத்தது.

முதல் நாள் வேலை முடிந்து வந்தவர், பேசாமல் வாளியில் வெந்நீர் எடுத்துக் கால்களை உள்ளே வைத்துக்கொண்டார். என்னென்ன குறை வரப்போகிறதோ என்று பல்லக்கா காத்திருந்தாள்.

"மேஸ்திரி ஒரு சின்னப் பொண்ணு. மூக்குல வளையம் போட்டிருக்கு. நம்ம பொண்ணை விட நாலஞ்சு வயசு கூட இருக்கும். என்னைப் பாத்து, ஓரமா நில்லுன்னு சொல்லிச்சு."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"நின்னேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அந்தக் கால்கள் வீங்கியிருந்தன. அவரே சொன்னார்: "ஓரமா நின்னது நல்லதாப் போச்சு. பின்னாலேயே வண்டி வந்துச்சு."

மறுநாளும் போனார். அதற்கடுத்த நாளும். ஊரிலிருந்து யாராவது என்ன உத்தியோகம் சார் என்று கேட்டால், "லாஜிஸ்டிக்ஸ்ல இருக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, அங்கே மழையா என்று விசாரிப்பார்.

சென்ற மாதம் அந்த மேஸ்திரிப் பெண் இவர்களை வீட்டுக்கு டீ குடிக்கக் கூப்பிட்டாள். அவர் கோட்டு போட்டு, டை கட்டிக்கொண்டு வந்தார். அவளோ வீட்டில் போட்டிருந்த பைஜாமாவோடு கதவைத் திறந்தாள். டீ ஊற்றிக்கொண்டே, முன்பு ஊரில் என்ன வேலை பார்த்தார் என்று கேட்டாள். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிரிவு எவ்வளவு பெரியது, தனக்குக் கீழே எத்தனை பேர், தன் கையெழுத்து இல்லாமல் எது எது நகராது என்று தமிழில் நிறுத்தி நிதானமாகச் சொல்லி முடித்துவிட்டு மகளைப் பார்த்தார். மகள் அதை மொழிபெயர்த்தாள்.

"ஆபீஸ்ல இருந்தார்."

பல்லக்கா டீயில் கவனமாக இருந்தாள். அந்தப் பெண் ஏதோ நீளமாகப் பதில் சொன்னாள். அவள் என்ன சொல்கிறாள் என்று அவர் மகளிடம் கேட்டார்.

"நீங்க வேகமாத்தான் வேலை செய்யறீங்களாம். ஆனா நடுவுல நின்னு மத்தவங்களுக்கு யோசனை சொல்றதைக் கொஞ்சம் குறைச்சுக்கணுமாம்."

அவர் டையைச் சரிசெய்துகொண்டு, இன்னொரு பிஸ்கட் எடுத்துக்கொண்டார்.