யூரியா வேர்த்த காலை

இலங்கையில், ருவான்வெல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நான் புதிதாக வெளிக்கள உத்தியோகத்தராகச் சேர்ந்தபோது, உர ஸ்டோரைப் பார்த்துக்கொண்டவர் அவர். நெட்டையான ஆள், புருவத்தில் எப்போதும் டொலமைட் சுண்ணாம்புத் தூள். உரம் போடும் நாட்களில், வெற்றிலை டப்பா மூடியில் ஒரு சிட்டிகை யூரியாவைத் தூவி, தேநீர் குடித்து முடியும்வரை அதையே பார்த்திருப்பார்.

அன்று உரம் போடச் சொன்னேன். அவர் மூடியை நீட்டினார். யூரியா கசிந்து பளபளத்தது.

“ஒரம் வேர்க்குதுங்க ஐயா. பெரிய மழை வரும். இன்னைக்கு வேணாங்க.”

“போன்ல மழை இல்லைன்னு காட்டுதே!”

என் சொற்படியே உரம் போட்டார்கள். மத்தியானமே மழை கொட்டித் தீர்த்தது. மலையில் போட்ட உரமெல்லாம் வடிகானில் ஓடி, தோட்டத்து மேனேஜர் துரை ஆசையாக மீன் வளர்த்த பங்களாக் குளத்தில் சேர்ந்தது. இரண்டு வாரத்தில் தேயிலை வெளிறியபடியே நிற்க, குளம் பச்சைப் பாசியால் மூடிக்கொண்டது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. துரை எங்கள் இருவரையும் குளக்கரைக்குக் கூப்பிட்டார்.

ஸ்டோர்காரர் குளத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் பணிவாகக் கேட்டார்.

“இங்க கொழுந்தெடுக்க எத்தன பேர வரச் சொல்லட்டுங்க ஐயா?”

துரைகூடச் சிரித்துவிட்டார். ஸ்டோர்காரர் சிரிக்கவில்லை, என் பதிலுக்காக நின்றார்.

இப்போது வேறு தோட்டத்தில் இருக்கிறேன். என் பையில் ஒரு வெற்றிலை டப்பா இருக்கிறது. நான் வெற்றிலை போடுவதில்லை.