தராசு யாரையும் கேட்காது

எண்பதுகளின் கடைசியில் மலேசியாவின் ஈப்போவில், ஒரு நாசி கண்டார் சோற்றுக்கடையின் மேல்மாடியில் இருந்த சின்னக் கணினிக் கம்பெனியில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் பால் ஆலைக்காக அங்கே ஒரு புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தார்கள். பாலை நிறுத்து, அதில் ரப்பர் எவ்வளவு என்று கணக்குப் போட்டு, ரசீது அடித்துக் கொடுக்க வேண்டும். எழுதிக்கொண்டிருந்தவர் பாதியில் விட்டுவிட்டு சிங்கப்பூருக்குப் போய்விட்டார்.

"தங்கச்சி, நீதான் அவரு பொஸ்தகத்தையெல்லாம் படிச்சிக்கிட்டு இருந்தியே," என்றார் முதலாளி. "திங்கக்கெழம அந்த ஆலைக்காரத் தவுக்கே வாராரு. ஓடுச்சின்னா அவரு நாற்காலி ஒனக்கு. ஓடலன்னா பழையபடி டைப்படி லா."

அந்த நாற்காலியின் மேல் எனக்கு வெகுநாளாகவே கண். சரி என்றேன்.

அவர் எழுதியதில் ஒவ்வொரு பகுதியும் தனக்கு வேண்டியதைத் தானே உருவாக்கிக்கொண்டது. ரசீதுக்கு ஒரு பிரிண்டர், கணக்குக்கு இன்னொரு பிரிண்டர். மேசையில் இருந்ததோ ஒன்றுதான். இரண்டும் ஒரே சமயத்தில் பேசியதில் ஒருவர் ரசீதில் இன்னொருவர் பெயர் வந்து நின்றது.

நான் வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் கல்யாணம் என்றால் எந்த வீடும் அண்டா வாங்காது. இன்னின்னது வேண்டும் என்று கோயில் கமிட்டியிடம் சொன்னால் போதும், வந்து சேரும். எல்லாக் கல்யாணத்துக்கும் அதே அண்டாதான். அதையே பிடித்துக்கொண்டேன். எந்தப் பகுதியும் எதையும் உருவாக்கக் கூடாது. தனக்கு என்ன வேண்டும் என்று தான் பிறக்கிற இடத்தில், அதாவது கன்ஸ்ட்ரக்டரில், சொல்லிவிட வேண்டும். உருவாக்கித் தருவது ஒரே ஒரு பகுதியின் வேலை. அதற்குக் கமிட்டி என்றே பெயர் வைத்தேன். முதலாளி சிரித்தார். சிரிக்கட்டும்.

ரசீது வேண்டுமென்றால், அதன் கன்ஸ்ட்ரக்டர் என்ன கேட்கிறது என்று கமிட்டி பார்க்கும். கணக்கையும் பிரிண்டரையும் கேட்கிறது. கணக்கு எதைக் கேட்கிறது? தராசையும் பிரிண்டரையும். இப்படி எதையுமே கேட்காத ஒன்று அகப்படும்வரை கீழே இறங்கி, அதை முதலில் உருவாக்கி, கேட்டவர் கையில் கொடுத்தபடியே மேலே ஏறி வரும். ஒருமுறை உருவாக்கிய பிரிண்டரையே அடுத்துக் கேட்பவருக்கும் கொடுக்கும். யாருக்கு என்ன வேண்டும் என்பதை அந்தக் காலத்துக் கணினி மொழி தானாகச் சொல்லாது என்பதால், அதையும் நானே எழுதிக் கொடுத்தேன்.

சனிக்கிழமை ஓட்டிப் பார்த்தேன். திரை அப்படியே உறைந்துவிட்டது.

தராசின் முகப்பில் காய்ந்த ரப்பரின் எடை மட்டும்தான் தெரிய வேண்டும், பாலின் எடை தெரியக் கூடாது என்று தவுக்கே கேட்டிருந்தார். அதனால் தராசு கணக்கைக் கேட்டது. கணக்கோ தராசைக் கேட்டது. பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதைதான். கமிட்டி இரண்டுக்கும் நடுவில் சுற்றிச் சுற்றி மூச்சு முட்டிப் படுத்துவிட்டது.

"மொதல்ல ஒரு வெத்துக் கணக்கக் குடுத்திரு. பொறவு நெரப்பிக்கலாம் லா," என்றார் முதலாளி.

செய்யலாம்தான். நிரப்புவதற்குள் யாராவது பாலைத் தூக்கி வைத்தால் எடை பூஜ்யம் என்று காட்டும். அதைவிட, அந்தத் தராசின் முன்னால் நிற்கப்போகிறவர்களில் என் அம்மாவும் ஒருவர். தோட்டம் துண்டு துண்டாக விலைபோன பிறகு, அம்மா ஒரு சின்னத் தோட்டத்தில் பால்மரம் வெட்டி, வடிந்த பாலை அந்த ஆலைக்குத்தான் கொண்டுபோனார். அங்கே கணக்கெழுதும் கிராணி சொன்னதுதான் எடை.

எடையைச் சொல்ல தராசு எதற்கு இன்னொருவரைக் கேட்க வேண்டும்? அதன் கன்ஸ்ட்ரக்டரிலிருந்து கணக்கை வெட்டி எறிந்தேன். தராசு பாலின் எடையைக் காட்டட்டும், காய்ந்த எடை ரசீதில் வரட்டும். கமிட்டி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் உருவாக்கிக் கொடுத்தது.

முதலாளிக்கு முகம் கறுத்தது. "தவுக்கே கேட்டது இது இல்லியே. நாற்காலி வேணுமா வேணாமா?"

"வேணும்ண்ணே. ஆனா தராசு தராசாத்தான் இருக்கும்."

திங்கட்கிழமை தவுக்கே ஒரு வாளித் தண்ணீரைத் தராசில் வைத்தார். முழு எடையும் முகப்பில் தெரிந்தது. ஏன் இப்படி என்று மலாயில் கேட்டார். சனிக்கிழமையின் டிஸ்கெட்டைப் போட்டு, அவர் கேட்டபடியே ஓட்டினேன். திரை உறைந்தது. மறுபடி என்னுடையதைப் போட்டேன். ரசீது சுத்தமாக வந்தது. அவர் ரசீதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "போலே லா" என்று ஒப்புக்கொண்டு எழுந்தார். வெற்றுக் கணக்கு யோசனையை முதலாளி எடுக்கவேயில்லை.

ஆலையில் அதைப் பொருத்திய பிறகு வீட்டுக்குப் போயிருந்தேன். நாற்காலி கிடைத்த கதையை ஆரம்பிப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார்.

"ஃபேக்டரில புதுத் தராசு வந்திருக்கு தெரியுமா? நாம பாக்குற மாதிரி நம்பர் எரியுது. இத்தன வருசமா தூக்குறேன், எம் பாலு எவ்வளவு கனமின்னு இப்பத்தான் பாக்குறேன்."