அக்காவுக்குச் செய்த தறி

நூல் வியாபாரம் செய்த எங்கள் பெரியப்பாவுக்குப் பிள்ளைகள் இரண்டே பேர். மூத்தவள் அக்கா. அவளுக்கு வெகுநாள் கழித்துப் பிறந்தவர் அண்ணன். நான் சித்தப்பா மகள் என்றாலும் வளர்ந்தது அந்த வீட்டில்தான் என்பதால், யாரும் என்னைப் பிரித்துப் பார்த்ததில்லை. அக்காவை நான் நீ, வா, போ என்றுதான் பேசுவேன். அண்ணனிடம் மட்டும் மரியாதை. அதுவும் பெரியப்பா போட்ட உத்தரவு. அப்படியாவது இவன் ஒரு இடத்தில் உட்காரட்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

உட்காரவில்லை. அண்ணனுக்கு இருப்புக் கொள்ளாது. சின்ன வயதில் திருப்புளியால் கதவுக் கைப்பிடியைக் கழற்றிவிட்டு, உள்ளே மாட்டிக்கொண்ட பெரியம்மாவிடம், “ஒரு நிமிஷம்மா, இப்ப இதைவிட நல்லா மாட்டித் தரேன்” என்று சொன்னவர். பெரியம்மா பக்கத்து வீட்டைப் பார்த்த ஜன்னல் வழியாக வெளியே வந்தாள். அன்றைக்கு வைத்த பெயர்தான் திருப்புளி. இன்றைக்கும் தெருவில் அவர் சைக்கிள் தெரிந்தால், “திருப்புளி வருது, கதவைப் பிடிச்சுக்கோ” என்பார்கள்.

அண்ணி ஒரு கதை சொல்வாள். “கல்யாணத்தன்னைக்கு எங்க பக்கத்து ஆளுங்க எல்லாம் பார்த்துட்டு இருக்காங்க, மாப்பிள்ளை எந்திரிச்சுப் போறாரு. எனக்கு உயிரே போச்சு. கடைசியில பார்த்தா நாற்காலி ஆடுதாம், காலுக்குக் கீழ வைக்க அட்டை தேடப் போயிருக்காரு!”

அவருக்கு அமைந்த தொழிலும் அப்படிப்பட்டதுதான். கையால் நெய்கிற தறிகளை வடிவமைத்துச் செய்து கொடுப்பார். பெரிய தொழிற்சாலைக்கு இல்லை. வீட்டில் உட்கார்ந்து சால்வை, போர்வை, பை நெய்கிறவர்களுக்கு. மேசை மேல் வைக்கிற தறி, மடக்கி அலமாரிக்குள் தள்ளுகிற தறி, முதுகுவலிக்காரருக்கு நின்றுகொண்டே நெய்கிற தறி என்று ஒவ்வொரு ஆளுக்கும் ஒவ்வொன்று. ஒருவருக்குச் செய்தது இன்னொருவருக்கு ஆகாது. செருப்பு மாதிரி என்பார்.

பட்டறை என்பது அவர் வீட்டுப் பின்னறை. மரத்தூளும் மெழுகு வாசனையும் நிறைந்திருக்கும். படம் வரைவது பழைய அட்டைப்பெட்டிகளின் முதுகில். நடுவில் ஒரு விசித்திர நாற்காலி. அதன் உட்காரும் பலகை மேலே கீழே போகும், முன்னே பின்னே நகரும், சாயும். தறி கேட்டு வருகிறவர்களை அதில் உட்கார வைத்துவிட்டு ஊர்க்கதை பேசுவார். உடனே அளக்க மாட்டார். அளக்கப் போகிறார்கள் என்று தெரிந்தால் மனிதர்கள் விறைத்து நிமிர்ந்துவிடுவார்கள், போட்டோ எடுக்கிற மாதிரி. பேச்சு சுவாரஸ்யத்தில் தோள் தளர்ந்து, உடம்பு தன் சொந்தக் கோணலுக்கு வந்த பிறகுதான் கயிற்றை எடுப்பார்.

செய்வதில் குறை சொல்ல முடியாது. செய்து முடித்தால்தானே! தறியைக் கொடுத்த மறுவாரமே போய் நிற்பார். “அந்த மிதிக்கட்டையை மட்டும் கொஞ்சம் மாத்திடலாம்” என்று ஆரம்பித்து, முழுத் தறியையும் கழற்றி சைக்கிளில் கட்டிக்கொண்டு திரும்புவார். இசை டீச்சர் ஒருத்தி அவரைக் கண்டால் விளக்கை அணைத்துவிட்டு உள்ளே ஒளிந்துகொள்வாள். அவளுடைய தறியில் ஒரு குறையும் இல்லை. அது அவளுக்குத் தெரியும், அவருக்குத்தான் தெரியாது.

அக்கா நெய்கிறவள். கட்டிக் கொடுத்த வீட்டில் கற்றுக்கொண்டது. மாமா இறந்த பிறகு அவளுக்குத் துணை என்று இருந்ததே அந்தத் தறிதான். அக்காவின் சால்வையைத் தொட்டுப் பார்த்தவர்கள் திரும்ப வைக்க மனசில்லாமல் நிற்பார்கள். ஒருநாள் காலையில் பல் துலக்கிக்கொண்டே சரிந்து விழுந்தாள். பக்கவாதம். பிழைத்து வந்தாள். இடது கையும் இடது காலும் மட்டும் திரும்பி வரவில்லை.

அவளுடைய மகன் வெளியூரில் இருக்கிறான். நல்ல பிள்ளை. அவன் வீடு நாலாவது மாடி. “பள்ளிக்கூடம் லீவு விட்டதும் வண்டியோட வரேன். வீட்டைக் காலி பண்ணிட்டு எங்கூட வந்துடு. தனியா இருந்து என்ன பண்ணப் போறேம்மா?” என்றான்.

“நெய்வேன்” என்றாள் அக்கா.

“ஒரு கையாலயா?”

“நெய்துகிட்டு இருந்தா விடுவியா?”

அவன் சிரித்துவிட்டு, “சரிம்மா. நான் வர்றப்ப நீ நெய்துகிட்டு இருந்தா, வந்த வண்டி சும்மா திரும்பிப் போகட்டும்” என்றான். விளையாட்டாகச் சொன்னான். அக்கா விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. தன் வீடு, தன் அடுப்பு, தன் வாசல் எல்லாம் அந்த ஒரு சொல்லில் இருந்தது அவளுக்கு.

அண்ணன் அன்றிலிருந்து நெருப்பின் மேல் நிற்கிறவர் மாதிரி ஆனார். ஒரு கை, ஒரு கால். இதற்குள் ஒரு தறியை அடக்க வேண்டும். சாதாரணமாக ஒரு கை ஊடை நூலைச் சுமக்கிற நாடாவை ஓட்டும், மறு கை அச்சுச் சட்டத்தை இழுத்து அந்த நூலை இறுக்கி அடிக்கும். அண்ணன் இரண்டையும் ஒன்றாக்கினார். சட்டத்தை வலது கையால் முன்னே தள்ளினால் நாடா தானே பாய்ந்து ஓடும். திரும்ப இழுத்தால் நூல் இறுகும். மிதிகள் இரண்டும் வலது காலுக்கே. யோசனை அபாரம். அட்டையில் வரைந்து எங்களுக்குக் காட்டினார்.

தறி வந்து இறங்கியது. அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். தள்ளினாள், நாடா ஓடியது. நான் கைதட்டக்கூடப் போனேன். கொஞ்ச நேரம்தான். தோள் இறங்கியது, கால் மிதியை விட்டு நழுவியது, முகம் வேர்த்தது. விடவில்லை அவள். மறுநாளும் அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தாள், அப்படியே சரிந்தாள். அண்ணன் மிதியை மாற்றினார், கயிற்றை மாற்றினார், கைப்பிடியை மாற்றினார். ஒன்றும் சரிப்படவில்லை.

மூன்றாம் நாள் அக்கா கைப்பிடியை விட்டுவிட்டாள்.

“டேய், என்னை எப்ப அளந்தே?”

“உன்னை எதுக்குக்கா அளக்கணும்? உன் அளவு எனக்குத் தெரியாதா?”

“அதான் பார்த்தேன். இது எனக்குப் பண்ணினது இல்ல. போன வருஷத்து எனக்குப் பண்ணினது.”

ஊரில் எல்லாரையும் அளந்தவர், அக்காவை மட்டும் அளக்கவில்லை. அவர் மனசுக்குள் அக்கா இன்னும் நேராகத்தான் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் அந்த விசித்திர நாற்காலியைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். அக்காவை உட்கார வைத்தார். ஊர்க்கதை பேச வேண்டியவர் பேசவில்லை. நான்தான் பேசினேன், வாய்க்கு வந்ததையெல்லாம். இசை டீச்சர் விளக்கை அணைத்துவிட்டு ஒளிகிற கதையைச் சொன்னதும் அக்கா சிரித்தாள். சிரித்தபடியே மெல்ல இடது பக்கம் சாய்ந்தாள். செத்த கை மடியில் விழுந்தது. அண்ணன் ஒருமுறை பார்த்தார். ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். பிறகு வந்து கயிற்றை எடுத்து அளந்தார்.

இந்தத் தடவை பலகை அவள் சாய்வுக்கே சாய்ந்தது. கைப்பிடி கிட்டத்தில் வந்தது. இடது கையை வைக்கத் துணி தைத்த சின்னத் தொட்டில் ஒன்று. “என் கைக்குத் தனி அறை போட்டிருக்கான் பாரு” என்றாள் அக்கா. நானும் அண்ணியும் சேர்ந்து, நீளவாக்கில் ஓடுகிற பாவு நூலைக் கோத்துக் கொடுத்தோம். அக்கா நெய்தாள். வலிக்கவில்லை. ஒரு சாண் துணி சட்டென்று வளர்ந்தது.

அத்தோடு விட்டிருந்தால் அவர் திருப்புளி இல்லையே. நாடா ஓடிப்போய்த் தங்குவதற்கு இரண்டு ஓரத்திலும் பெட்டி உண்டு; சில சமயம் அது இடது ஓரத்துப் பெட்டிக்குள் முழுதாகப் போகாமல் வாசலிலேயே நின்றுவிடும். அக்கா பக்கத்தில் ஒரு மரக்கரண்டி வைத்துக்கொண்டாள். நின்றால் அதால் ஒரு தட்டு. அவளுக்கு அது ஒரு குறையே இல்லை. அவருக்கோ அந்தக் கரண்டியைப் பார்க்கப் பார்க்க உடம்பு எரிந்தது. காலையில் வருவார், பெட்டியைக் கழற்றுவார், இழைப்பார், மாட்டுவார். மாட்டினால் வேறு ஏதாவது உரசும். அதைக் கழற்றுவார். அக்கா அன்று முழுவதும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். லீவு நெருங்கிக்கொண்டே வந்தது. துணியோ அதே ஒரு சாணில் நின்றது.

“அக்கா, இது சரியாகாம எப்படி விடறது?”

“நான் அவன்கூடப் போன பிறகு சரி பண்ணி யாருக்குடா வைக்கப் போறே?”

மகன் வருகிற அன்று காலையிலும் அண்ணன் வந்தார். சட்டைப்பையில் திருப்புளி எட்டிப் பார்த்தது. அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு அவரிடம் ரொம்ப சாதாரணமாக, “டேய், கையை நீட்டு” என்றாள். என்ன ஏது என்று கேட்காமல் நீட்டினார். சின்ன வயதிலிருந்தே அக்கா சொன்னால் நீட்டுகிற கை. நான் நூல் கட்டான சிட்டம் ஒன்றைப் பிரித்து வளையமாக அவர் இரண்டு கைகளிலும் மாட்டிவிட்டேன்.

“விரிச்சுப் பிடி. தளர்ந்தா சிக்கிடும். அவ உருண்டை சுத்தட்டும்.”

நூல்காரர் வீட்டில் பிறந்தவர் நூலைச் சிக்கவிட மாட்டார். அது அவளுக்குத் தெரியும். நான் எதிரே உட்கார்ந்து சுற்ற ஆரம்பித்தேன். அக்கா தறிக்குத் திரும்பினாள். தள்ளினாள், இழுத்தாள், மிதித்தாள். நாடா நின்றது. கரண்டியால் ஒரு தட்டு. அண்ணன் எழப் போனார். நூல் தொய்ந்தது. உட்கார்ந்தார்.

“அக்கா, அந்த ஆணி ஆடுது.”

“ஆடட்டும். நீ ஆடாம இரு.”

மத்தியானம் மகன் வந்தான். வாசலில் வண்டி நிற்கிற சத்தம் கேட்டும் அக்கா கையை நிறுத்தவில்லை. உள்ளே வந்தவன் செருப்பைக் கழற்ற மறந்து நின்றான். அம்மாவைப் பார்த்தான். மடியில் சுருண்டு இறங்குகிற துணியைப் பார்த்தான். நாடா மறுபடி நின்றது, அக்கா கரண்டியால் தட்டினாள். அவன் முகம் மாறியது.

“இது என்னம்மா, தட்டித் தட்டி ஓட்டுறே? நீ தனியா இருக்கிறப்ப ஏதாவது ஆச்சுன்னா?” என்றவன் அண்ணன் பக்கம் திரும்பினான். “மாமா, அம்மா சொல்றதை நான் கேக்கல. நீங்க சொல்லுங்க. உங்க வேலை முடிஞ்சுதா, இல்லையா?”

அறையில் தறிச் சத்தம் நின்றது. அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கழுத்து மட்டும் விறைத்திருந்தது.

அந்த மனிதர் பிறந்ததிலிருந்து எதையும் முடிந்தது என்று சொன்னதில்லை. தன் வீட்டுக் கதவைக்கூடச் சொன்னதில்லை. பெட்டியைப் பார்த்தார், ஆடுகிற ஆணியைப் பார்த்தார், கரண்டியைப் பார்த்தார். கை இரண்டும் நூலுக்குள் இருந்தன.

“முடிஞ்சுது” என்றார்.

“நிஜமாவா மாமா?”

“முடிஞ்சுதுன்னு சொல்றேன்ல! உங்கம்மாவுக்கு அளந்து பண்ணினது. கரண்டியும் சேர்த்துதான்.”

மகன் வாசலுக்குப் போய், “அண்ணே, சாமான் ஒண்ணும் ஏத்த வேண்டியதில்ல. உள்ள வந்து டீ குடிச்சுட்டுப் போங்க” என்று டிரைவரிடம் சொல்வது கேட்டது. அக்கா மூச்சை விட்டாள். சட்டத்தைத் தள்ளினாள்.

சொல்லிவிட்டாரே தவிர, அண்ணனின் காலைப் பார்க்க வேண்டும். தரையில் குதிகால் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. கண் ஆணியை விட்டு அசையவில்லை. சிட்டம் மெலிந்து மெலிந்து கடைசி இழையும் என் உருண்டைக்கு வந்தது. கை விடுபட்டதுதான் தாமதம், சட்டைப்பைக்குப் போனது.

அக்கா திரும்பாமலே சொன்னாள். “உட்காரு. இன்னும் நிறைய சிட்டம் இருக்கு.”

நான் அடுத்ததைப் பிரித்தேன்.