கடலடியில் கிடைத்த மான் தாடை

அழிந்துபோன விலங்குகளின் பற்களை ஆராய்ந்து, அந்தக் காலத்துத் தட்பவெப்பத்தை அறிவது என் வேலை. தூத்துக்குடியில் சங்கு குளிக்கும் ஒருவர், கடலடியில் கிடைத்ததென்று கல்லாகிப்போன தாடை ஒன்றை என்னிடம் கொண்டுவந்தார். பார்த்ததுமே மான் என்று தெரிந்தது.

"கடலுக்குள்ள மான் எப்பிடி வந்துச்சு?" என்றார்.

பற்களின் தேய்மானத்தைக் காட்டினேன். "இது புல் மேய்ஞ்ச மான், அண்ணாச்சி. நீங்க முங்குற இடம் அப்போ தரை. அப்புறம் பூமி சூடாகி, பனி உருகி, கடல் ஏறிடுச்சு."

"மானெல்லாம்?"

"மேட்டுக்குப் போயிருக்கும். போக முடியாதது செத்திருக்கும்."

அவர் தாடையைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "போன மாசம் எங்க வீட்டுப் பின்சுவரைக் கடல் இடிச்சுட்டுது. நாலடி தள்ளிக் கட்டுதேன்" என்றார்.

நாலடி போதாது என்று எனக்குத் தெரியும். தாடையை எடுத்த இடத்தை மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டேன்.