முப்பத்தொன்றாம் இலக்க அட்டை

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியை நடத்திய டிஸ்பென்சரை எனக்கு அன்றும் பிடிக்காது, இன்றும் பிடிக்காது. ஓய்வு பெற்றால் பகை ஆறிவிடும் என்பவர்கள், றக்வானைப் பக்கம் அடுத்தடுத்த குவாட்டர்ஸில் இருபது வருடம் இருந்து பார்க்கட்டும்.

இலங்கை உலகக் கிண்ணம் வென்ற மறுவருடம், ஒரு பிஸ்கட் கம்பனி பொதிக்கு ஒன்றாகக் கிரிக்கெட் வீரர் அட்டை வைத்து விற்றது. மொத்தம் நாற்பது. நாற்பதையும் அனுப்பினால், அணியினரின் கையொப்பம் அச்சிட்ட துடுப்பு மட்டை கிடைக்கும். நான் அப்போது தோட்டக் காரியாலயத்தில் பெரிய கிளாக்கர். துடுப்புப் பிடிக்கவே தெரியாது. ஆனால் முப்பத்தொன்பது சேர்ந்த பிறகு, முப்பத்தொன்றாம் இலக்கம் மட்டும் இல்லாத அந்த ஒற்றை இடைவெளி என்னை உறங்க விடவில்லை. கடைக்கார நானா பொதியைக் காதருகே குலுக்கி, "இதுல முப்பத்தொண்ணு கட்டாயம் ஈக்கி ஐயா" என்பார். பிரித்தால் அதே இருபத்திரண்டாம் இலக்கம். வீட்டில் பிஸ்கட்டை யாரும் தொடுவதில்லை, கோழிகளும் நிறுத்திவிட்டன.

டிஸ்பென்சரும் சேர்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் முப்பத்தொன்று இரண்டு இருந்தது. போய்க் கேட்டேன்.

"என் லீவு போமைக் கையெழுத்து கட்டத்துக்கு வெளிய போயிருச்சுன்னு மூணு தரம் திருப்பி அனுப்புனீங்களே கிளாக்கர் ஐயா, ஞாபகம் இருக்குங்களா?"

"கட்டம் பிறகு எதுக்குங்க போட்டிருக்கு?"

"அப்ப நீங்களும் விண்ணப்பம் எழுதிக் குடுங்க. மூணு பிரதி."

எழுதினேன். திகதி இல்லை என்று திருப்பினார். திகதி போட்டேன். "நெசமாவே இல்லையான்னு பாக்கணும், எல்லாத்தையும் கொண்டாங்க" என்றார். முறையான கோரிக்கைதான், மறுக்க முடியவில்லை. கோப்போடு போனேன்.

ஓர் அட்டையை உருவித் திருப்பிப் பார்த்தார். இன்னொன்றையும் திருப்பினார். பிறகு, அதுவரை நான் கண்டிராத கனிவோடு, "சரி, எடுத்துக்கிட்டுப் போங்க" என்று முப்பத்தொன்றை நீட்டினார்.

ஆள் இறங்கி வந்துவிட்டார் என்று நினைத்தேன். மேசைக்கு வந்ததும், மற்ற முப்பத்தொன்பதுக்கும் செய்ததுபோலவே, அதன் முதுகிலும் 'கிடைக்கப்பெற்றது' முத்திரையைக் குத்தி, திகதியும் சுருக்கொப்பமும் இட்டேன். முத்திரை இல்லாத காகிதம் எதுவும் என் கோப்புக்குள் போனதில்லை. நாற்பதையும் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

மூன்று வாரத்தில் அத்தனையும் திரும்பி வந்தன. எழுத்தோ முத்திரையோ பட்ட அட்டைகள் ஏற்கப்படமாட்டாவாம். பிஸ்கட் பொதியின் அடியில் பொடி எழுத்தில் எட்டாவது விதி. தோட்டம் முழுவதற்கும் விதி வாசித்துக் காட்டிய நான் அதை வாசிக்கவில்லை. டிஸ்பென்சர் வாசித்திருக்கிறார்.

அவருடைய நாற்பது சுத்தமாகப் போய்ச் சேர்ந்தது. வந்த துடுப்பை, ஆஸ்பத்திரியில் நோயாளிகள் உட்கார்ந்து காத்திருக்கும் வாங்குக்கு நேர் எதிரே ஆணியடித்து மாட்டினார். எனக்கோ இரத்த அழுத்தம். ஓய்வு பெறும்வரை மாதம் ஒருமுறை அந்த வாங்கில்தான் உட்கார வேண்டியிருந்தது.

"என்னங்க ஐயா," என்பார், என் கையில் அழுத்தம் பார்க்கும் பட்டியைச் சுற்றிக்கொண்டே, "இங்க வந்தாத்தான் உங்களுக்குக் கூடுது போல."