நாற்பது சிடிகளும் ஒரு கத்தரிக்கோலும்

இந்த ஊரில் பனியனை எடைபோட்டு விற்கிறார்கள், நம்மூரில் கத்தரிக்காய் விற்பதைப் போல. வெளிநாட்டுக்குப் போகாமல் கழித்துப்போட்ட சரக்கு. கழுத்து லேபிளை மட்டும் நறுக்கியிருப்பார்கள், எந்தக் கம்பெனிச் சரக்கென்று தெரியக்கூடாதாம். திருநெல்வேலியிலிருந்து திருப்பூருக்கு வந்த புதிதில் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. பதினோரு வருடமாகிவிட்டது, இப்போது எரிச்சலாக இருக்கிறது. இங்கே எல்லார் கையிலும் ஒரு கத்தரிக்கோல் இருக்கிறது. மரியாதையாகப் பேசிக்கொண்டே எதையாவது வெட்டுகிறார்கள், அந்த மரியாதைதான் இன்னும் பொறுக்கவில்லை.

நான் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் க்யூசி. ஒரு தையல் விட்டுப்போயிருந்தாலும் சட்டையைத் திருப்பி அனுப்புகிறவன். என் தம்பி ஊரில் கோயில் கொடைத் திருவிழாக் கச்சேரிகளுக்கு ரிதம் பேட் வாசித்தான். அவன் இறந்து நான்கு வருடம். பாட்டுப் பழக அவன் வாங்கிய நாற்பது சிடிகள் என்னிடம் இருந்தன. அவற்றில் ஒன்று மட்டும் கடையில் வாங்கியதல்ல, அவனுடைய கச்சேரியையே பதிந்தது. அவன் பாடகன் இல்லை. அந்தப் பதிவில், பாட்டுத் தொடங்குவதற்கு முன்னால், மேடையில் வயர் இழுத்துக்கொண்டிருந்த என்னைத் திட்டுவான். எங்களிடம் மிஞ்சிய அவன் குரல் அவ்வளவுதான். ஊர் வீட்டில் பிளேயர் கெட்டுப்போனதிலிருந்து, அதை எப்படியாவது போனில் கேட்கும்படி செய்துகொடு என்று அம்மா நச்சரித்துக்கொண்டிருந்தாள்.

இப்போது எந்த லேப்டாப்பில் சிடி போட முடிகிறது? எங்கள் டிசைன் பிரிவில் ஒரு பழைய கம்ப்யூட்டர் கிடந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில், நாளுக்கு இரண்டாக, ஃப்ளாக் ஃபைலாக மாற்றினேன். சிடியில் இருப்பதை ஒரு துளி குறையாமல் எடுக்கும் முறை அது. அங்கே உட்காரும் கதிர்வேல் உள்ளூர்க்காரர். அவருக்கு அது விளங்கவே இல்லை.

“எதுக்குங்க இத்தாப்பெரிய ஃபைலு? சின்னதாப் பண்ணுனாப் பத்தாதுங்களா?”

“ஒண்ணும் கொறையக் கூடாதுங்க” என்றேன்.

“துணியில அஞ்சு பர்சன்ட் கொறஞ்சாலே வெளிநாட்டுப் பையர் ஒத்துக்கறாங்க. இது பாட்டுத்தானுங்களே.”

சிரித்துவைத்தேன். அன்றைக்கே மிச்சத்தை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்க வேண்டும்.

மறுநாள் அவிநாசி யூனிட்டில் இன்ஸ்பெக்‌ஷனுக்கு அனுப்பிவிட்டார்கள். மாற்றாத ஆறு சிடிகள் அவர் மேசையில் இருந்தன, தம்பியுடையதும் அதில்தான். அது என்னவென்று நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. திரும்பி வந்ததும் பென்டிரைவை நீட்டினார்.

“உங்களுக்கு எதுக்குச் செரமம்னு நானே முடிச்சுட்டனுங்க. ஒரு சிடில பாட்டுக்கு முன்னால யாரோ கத்தீட்டு இருந்தாங்க. அந்த வேஸ்டெல்லாம் வெட்டி எடுத்துட்டனுங்க.”

சிடி எங்கே என்றேன். குப்பைக்கூடையைக் காட்டினார். முன்பெல்லாம் பையர்கள் டிசைனைச் சிடியில் அனுப்புவார்கள். காப்பி எடுத்ததும் அதை இரண்டாக நறுக்கிப்போடுவது அந்தப் பிரிவின் வழக்கம், பக்கத்துக் கம்பெனிக்காரன் கையில் சிக்கிவிடக் கூடாதென்று. இப்போது டிசைன் மெயிலில் வருகிறது. கதிர்வேலுக்குக் கைப்பழக்கம் போகவில்லை. ஆறும் பன்னிரண்டாகக் கிடந்தன.

“தப்பாயிருச்சுங்களா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பத்தரமா வெச்சிருப்பனுங்க.”

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். நல்ல மனதோடு செய்தார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அவரை வெறுக்கிறேன், இந்த ஊரையும் சேர்த்து.

சாயங்காலம் அம்மாவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். அந்தப் பாட்டைப் போட்டுக் காட்டினேன்.

“தாளம் அவன் தட்டுனதுதாம்ல. பேச்சக் காணோமே” என்றாள்.

பேச்சு போனால் என்ன, அவன் சொன்னது எனக்கு மனப்பாடம், நானே சொல்கிறேன் என்றேன். தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்.

“அண்ணா, அந்த வயர மிதிக்காதீங்க. இரையுதுங்க பாருங்க.”

அம்மா உடனே கேட்டாள்: “அவன் இப்படியா பேசுவான்? யாரோ திருப்பூர்க்காரன் பேசுத மாதிரில்லா இருக்கு.”

இன்னொரு தடவை சொன்னேன். மூன்றாவது தடவை தொடங்கும்போது அவளே தடுத்தாள்.

“வேண்டாம்ப்பா. நீ அந்தப் பாட்டையே போடு.”