நெருப்புக்குக் கீழே, கடலுக்கு மேலே

அன்று அந்தக் கட்டடத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதை இன்றைக்கும் என்னால் விரல்விட்டுச் சொல்ல முடியும். மூன்றாம் மாடியில் தையல் வகுப்புப் பெண்கள் ஒன்பது பேர், அவர்களோடு நான். முதலாம் மாடியில் பல் வைத்தியர், அவருக்கு உதவிக்கு நிற்கும் பிள்ளை, ஊசி போட்டு வாய் பாதி விறைத்துப்போன ஒரு நோயாளி. கீழே புடவைக் கடையில் கட்டடத்துக்குச் சொந்தக்காரரான ஹாஜியார், அவருடைய விற்பனைக்காரர் இரண்டு பேர், சாரி நெய்கிற மருதமுனையிலிருந்து கல்முனைக்குச் சாரி வாங்க வந்திருந்த ஒரு தாயும் மகளும். வீதிக்கு அந்தப் பக்கம் மின்கம்பத்தடியில், கையில் மணிக்கூட்டோடு தீயணைப்புப் பிரிவு அதிகாரி. அவருக்குப் பக்கத்தில் எனக்குப் பகல் சோறு கொண்டுவந்த என் கணவர். அவருக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. மொத்தம் இருபது பேர். இரண்டாம் மாடி ஹாஜியாரின் சாமான் அறை, பூட்டிக் கிடந்தது.

எண்ணிப் பார்ப்பது என் வியாதி. எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் வெளியே போகிற வழியைத்தான் என் கண் முதலில் தேடும். ஆஸ்பத்திரி என்றாலும் கலியாண மண்டபம் என்றாலும் அப்படித்தான். நான் சுவர்க்கத்துக்குப் போனாலும் வெளிய வாற வாசல் எங்க என்றுதான் கேட்பேனாம். என் கணவர் இதைச் சொல்லாத விருந்து கிடையாது.

எங்கள் வகுப்புக்கு ஐம்பத்தாறு படி. ஆறு வருஷமாக ஒரு கொப்பியில் எழுதி வந்தேன்: யார் கைப்பிடியைப் பிடித்து இறங்குகிறார்கள், யார் கதைத்துக்கொண்டு நின்றுவிடுகிறார்கள், அபாயா காலில் தட்டாமல் இறங்க எவ்வளவு நேரம் எடுக்கிறது. வாசலில் கழற்றிவிட்ட ஒன்பது சோடிச் செருப்பையும் காலையிலேயே படிப் பக்கம் பார்க்கத் திருப்பி வைப்பேன். ஓடுகிற நேரம் காலைத் திருப்பிக்கொண்டு நிற்கக் கூடாது என்பதற்காக. ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் நான். என்னை அந்தப் பெண்கள் டீச்சர் என்று கூப்பிடும்போது, அதற்கு ஏதாவது செய்து காட்ட வேண்டும் என்று ஒரு பயம் எப்போதும் உண்டு.

அந்தப் பயத்துக்கு மேல் தீயணைப்புப் பிரிவிலிருந்து கடிதம் ஒன்று வந்தது. உயரமான கட்டடங்களிலிருந்து ஆபத்து நேரத்தில் ஆட்கள் எப்படி வெளியேறுகிறார்கள் என்று பார்க்கிறார்களாம். மணி அடித்து மூன்று நிமிடத்துக்குள் எல்லாரும் மின்கம்பத்தடிக்கு வர வேண்டும். வராவிட்டால் மூன்றாம் மாடியில் வகுப்பு நடத்த முடியாது. அந்த வாடகைக்குக் கல்முனையில் வேறு இடம் எனக்குக் கிடைக்காது. ஒன்பது மெஷினையும் தூக்கிக்கொண்டு எங்கே போவது? நான் ஒரு கிழமை சரியாகத் தூங்கவில்லை. ஆனாலும் மனதுக்குள் ஒரு தைரியம் இருந்தது. இந்தப் பரீட்சைக்கு ஆறு வருஷம் படித்தவள் ஊரில் வேறு யார்?

பத்தரைக்கு மணி அடித்தது. என் பெண்கள் பொன்னானவர்கள். கத்தரிக்கோலைப் போட்டது போட்டபடி, செருப்பை மாட்டி, வரிசையாக இறங்கினார்கள். முதல் பதினெட்டுப் படி அரை நிமிடத்தில் முடிந்தது. இரண்டாம் மாடித் திருப்பத்தில்தான் எதிரே ஹாஜியார் வந்தார், கடை மேசையிலிருந்து இழுத்தெடுத்த காசு லாச்சியை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்தபடி. அவருக்குப் பின்னால் விற்பனைக்காரர்கள், விலை கேட்டுக்கொண்டிருந்த சாரியை விடாமல் தூக்கிக்கொண்டு அந்தத் தாயும் மகளும், அவர்களுக்குப் பின்னால் பல் வைத்தியர், உதவிக்காரப் பிள்ளை, கழுத்தில் துவாலையோடு நோயாளி. எல்லாரும் மேலே ஏறிக்கொண்டிருந்தார்கள்.

பதினெட்டுப் பேரும் அந்தத் திருப்பத்தில் சிக்கி நின்றோம். ஹாஜியார் மூச்சு வாங்கிக்கொண்டே சலாம் சொன்னார். நாங்கள் பத்துப் பேரும் பதில் சொன்னோம்.

"டீச்சர், ஏன் கீழ போறீங்க? மேல ஏறுங்க," என்றார்.

"நெருப்புக்குத்தானே ஹாஜியார் மணி அடிச்ச. கீழ போகணும்."

அவர் லாச்சியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மணியக் கேட்டா கால் தன்பாட்டுக்கு ஏறுது புள்ள," என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த வருஷம் என் படிப்பு நின்றது. அன்று நானும் எங்கள் வளவில் நிற்காமல் அடுத்த வீதி மாடி வீட்டுக்கு ஓடி ஏறித்தான் தப்பினேன். அதற்குப் பிறகு இந்தக் கரையில் மணியோ பள்ளிவாசல் ஸ்பீக்கரோ அவசரமாகச் சத்தம் வைத்தால் சனம் உயரத்தைத்தான் தேடும். மாடிக் கட்டடம் என்றால் எங்களுக்கு ஓடி ஏறுகிற இடம், ஓடி இறங்குகிற இடமல்ல. இது தெரியாமல் ஆறு வருஷம் இறங்குகிறவர்களை மட்டும் எழுதி வைத்திருக்கிறேன். ஏறி வருகிறவர்களுக்குக் கொப்பியில் ஒரு வரி இல்லை.

கீழே வந்தபோது ஐந்து நிமிடம் தாண்டியிருந்தது. மூன்று நிமிட முடிவில் மின்கம்பத்தடியில் நின்றது என் கணவர் மட்டும். அதிகாரி அவரையும் கணக்கில் எடுக்கவில்லை. என் கணவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

அதிகாரி ஆலையடிவேம்புக்காரர், பொறுமையான மனிதர். அரை மணித்தியாலத்தில் இன்னொரு தரம் பார்க்கலாம், அதுதான் கடைசி என்றார். மணி வேண்டாம் சேர் என்றேன். மணி இல்லாமல் எப்படி என்று கேட்டார். கொப்பியைப் புரட்டினேன். ஒரு பக்கத்தில் என் கையெழுத்திலேயே இருந்தது: "மீன். ஒரு நிமிடம் நாற்பது."

எங்கள் வீதிக்குச் சாய்ந்தமருதிலிருந்து மோட்டார் சைக்கிளில் ஒரு மீன்கார நானா வருவார். அவர் ரப்பர் ஹோனை இரண்டு தரம் அமத்தினால் போதும். மூன்றாம் மாடி முழுக்கப் பையோடு வீதியில் நிற்கும். சண்டை பிடித்துக்கொண்டிருப்பவர்களும் இறங்கிவிடுவார்கள். இதைத் தயங்கித் தயங்கி அதிகாரியிடம் சொன்னேன். அவர் சிரிக்காமல் யோசித்தார்.

"மீன் வேணாமெண்டு ஆராவது மேலயே இருந்தா என்ன செய்யிற?" என்றார்.

அந்தக் கேள்வியில்தான் எனக்கு ஒன்று விளங்கியது. ஹோன் சத்தம் வீதியிலிருந்து வருகிறது. கால் அந்தப் பக்கம் போகிறது. மணியோ சுவரில் தொங்குகிறது. எந்தப் பக்கம் என்று அது சொல்வதில்லை. ஆகவே வீதியில் நின்று ஒரு மனிதக் குரல் கூப்பிடட்டும், எது வந்தது, எங்கே போக வேண்டும் என்ற இரண்டையும் சொல்லட்டும் என்றேன். கடலுக்கு மணி இருக்கட்டும், நெருப்புக்குக் குரல். அதிகாரி தலையாட்டினார். பெருநாள் மலிவு விற்பனைக்குக் கூவுகிற கைஸ்பீக்கர் ஹாஜியாரிடம் இருந்தது. அவர் வெளியே நின்றார். மற்றப் பதினேழு பேரும் உள்ளே போனோம். நோயாளிக்கு இன்னும் வாய் விறைப்பு விடவில்லை, ஆனாலும் அவர் போகாமல் நின்றது எனக்குப் பெரிய விசயம்.

நான் ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹாஜியார் கைஸ்பீக்கரை வாயில் வைத்தார். "நெருப்பு. எல்லாரும் கீழ வாங்க," என்றார், மலிவு விற்பனைக் குரலிலேயே. அதே நொடியில் வீதி முனையில் இரண்டு தரம் ரப்பர் ஹோன் அடித்தது. மீன்கார நானா வந்துவிட்டார்.

அல்லாஹ்வே என்று நானும் இறங்கினேன். எல்லாரும் இறங்கினோம். யாரும் ஏறவில்லை. மின்கம்பத்தடியில் பதினேழாவது ஆள் நான். அதிகாரி மணிக்கூட்டை அமத்தினார். இரண்டு நிமிடம் பத்து.

அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. மோட்டார் சைக்கிளையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். நாங்கள் நெருப்புக்கு வந்தோமா மீனுக்கு வந்தோமா என்று அவர் எப்படி எழுதுவார்? என் மூன்றாம் மாடி அந்தக் கேள்வியில் தொங்கிக்கொண்டு நின்றது. பிறகு என் பெண்களின் கைகளைப் பார்த்தேன்.

"சேர், கையப் பாருங்க," என்றேன். "ஒருத்தர்ர கையிலயும் பை இல்ல. மீனுக்கெண்டா பை இல்லாம எங்கட ஆக்கள் படி இறங்க மாட்டாங்க. ஆறு வருஷமாப் பாத்திட்டு இரிக்கன்."

அவர் ஒவ்வொரு கையாக எண்ணினார். பதினாறு பேரின் கையில் ஒன்றும் இல்லை. பல் வைத்தியர் மட்டும் ஒரு நீலப் பையை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தார்.

"டொக்டர் மீனுக்கு வந்தவர்," என்றார் அதிகாரி. "மத்தவங்க நெருப்புக்கு."

அப்போதுதான் அவர் சிரித்தார். அப்படியே எழுதினார். பெண்கள் என்னைக் கட்டிப் பிடித்தார்கள். சாரி வாங்க வந்த தாய், தன் மகளின் கலியாணத்துக்கு எங்கள் எல்லாரையும் வரச் சொன்னார். ஹாஜியார் கைஸ்பீக்கரை அணைக்க மறந்துபோய், வாடகையை ஏத்த மாட்டன் டீச்சர் என்று சொன்னதை வீதி முழுக்கக் கேட்டது.

மீன்கார நானா மட்டும் பெட்டியைத் திறந்துவைத்தபடி வாடிப்போய் நின்றார். இத்தனை பேர் ஓடி வந்து ஒருவரும் மீன் பக்கம் திரும்பவில்லை. தன் மீனில் என்ன குறை என்று கேட்டார். எனக்கு மனம் கேட்கவில்லை. வகுப்புக்கே ஆக்கிப் போடலாம் என்று இரண்டரைக் கிலோ சூடை மீன் நிறுக்கச் சொன்னேன். கிலோ எழுநூறு. நிறுத்துக் கட்டிய பிறகுதான் என் கையும் வெறுங்கை என்பது நினைவு வந்தது. நெருப்புக்கு இறங்குகிறவர்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இறங்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவள் நான்தான். என் பேர்ஸ் மூன்றாம் மாடியில் மெஷின் மேல் கிடந்தது. மேலே போய் எடுத்து வருகிறேன் என்றேன். அதிகாரி, நெருப்புக்குள்ள ஆரும் திரும்பிப் போறல்ல டீச்சர் என்றார். என் கணவர் சட்டைப் பையில் இருந்த ஆயிரத்தை நீட்டினார்.

மிச்சத்தை அடுத்த நாளே கொடுக்கப் போனேன். நானா வாங்கவில்லை. அதற்குப் பிறகும் எத்தனையோ தரம் நீட்டிவிட்டேன். கடன் இருந்தால்தான் டீச்சர் ஹோன் சத்தத்துக்கு முதல் ஆளாக இறங்கி வருவாராம். இப்ப வேணாம், மறுகாப் பாப்பம் என்று ஹோனை அமத்திவிட்டுப் போய்விடுகிறார். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அது இன்னும் அப்படியே இருக்கிறது: சூடை மீன், எழுநூற்றைம்பது ரூபாய்.